நாமமும் முக்காடும் நின்ற வரிசை

வாத்தியார் வேலையில் பாடம் நடத்துவது சுலபம்; முதல் மணிக்கு முந்திய பத்து நிமிஷப் பிரார்த்தனையை நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் என் பாடு புரியும். சித்தூர் ஜில்லா ஆந்திராவோடு போய்விட்டாலும் எல்லைத் தகராறு ஓயாத காலம். சென்னையில் இருபது வருஷம் வாத்தியாராக இருந்த நான், தெலுங்கும் தமிழும் படித்தவன் என்பதால் சொந்த ஊரான பிச்சாட்டூர் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்திருந்தேன்.

கூப்பாத கை

தினமும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் கைகூப்பிப் பாட்டு. ஐந்தாம் வகுப்பு மும்தாஜ் மட்டும் கையைத் தொங்கவிட்டு நின்றாள். ஹெட்மாஸ்டர் அவளை வரிசைக்கு வெளியே நிறுத்தினார். மூன்றாம் நாள் அவள் அப்பா, தையற்கடை காசிம் பாய், டி.சி. கேட்டு மனுவோடு வந்துவிட்டார். கெட்டிக்காரப் பெண், படிப்பு நின்றுவிடுமே என்று பதறி, ஒரு வாரம் தவணை கேட்டேன். அவர் மனுவைச் சட்டைப் பையில் திருப்பி வைத்துக்கொண்டார்.

"படிக்கத்தான் சார் அனுப்பிக்கினு இருக்கேன். வெளியில நிக்கறதுக்கு எங்க வூட்டு வாசலே போதும்."

ஈர நெற்றி

மறுநாள் புரட்டாசிச் சனிக்கிழமை. பையன்கள் விடிந்ததும் நாமம் இட்ட சொம்போடு "கோவிந்தா" சொல்லி வீடு வீடாக அரிசி வாங்கிவிட்டு, நெற்றி நிறைய நாமத்தோடு அப்படியே வகுப்புக்கு வந்திருந்தார்கள். எல்லாரும் சமம் என்று காட்டிவிடும் வேகம் எனக்கு. மொத்தப் பேரையும் கிணற்றடிக்கு அனுப்பி நெற்றியைக் கழுவ வைத்தேன்.

அவர்களில் முனுசாமி மட்டும் அழுதுகொண்டே திரும்பினான். அவன் அம்மா படுக்கையில் கிடக்கிறாள், அவளுக்காக வேண்டிக்கொண்டு இட்ட நாமம் என்று பிறகுதான் தெரிந்தது. மும்தாஜாவது சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், அவள் நேராக என் மேஜைக்கு வந்தாள்.

"நான் கைகூப்ப மாட்டேன்னுதானே சார் சொன்னேன்? அவன் நெத்தி இன்னா பண்ணுச்சு?"

ஒரு நிமிஷம்

ஹெட்மாஸ்டரிடம் போய் என் தப்பை ஒப்புக்கொண்டேன். பாட விருப்பமுள்ளவர்கள் பாடட்டும், பிறகு ஒரு நிமிஷம் அவரவர் வழக்கப்படி பேசாமல் நிற்கட்டும், யாரும் வரிசைக்கு வெளியே வேண்டாம் என்றேன். "ஏமண்டி, இன்ஸ்பெக்டர் வந்து கேட்டா?" என்றார். நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றதும் தலையாட்டினார்.

அடுத்த சனிக்கிழமை முனுசாமி நெற்றியில் போன வாரத்தைவிடப் பெரிய நாமம். பக்கத்து வரிசையில் மும்தாஜ் முக்காட்டை இழுத்துவிட்டு, உள்ளங்கைகளை விரித்து நின்றாள். ஹெட்மாஸ்டர் ஒரு கண்ணை மட்டும் மூடியிருந்தார். கேட்டருகே நின்று எல்லாவற்றையும் பார்த்த காசிம் பாய், சட்டைப் பையிலிருந்து டி.சி. மனுவை எடுத்து நாலாக மடித்தார்.

"இந்தக் காயிதம் சொக்கா அளவு எழுத ஆவும் சார்."

இருபது வருஷமாக 'எல்லாரும் ஒரே மாதிரி நில்லுங்கடா' என்று கத்தியவன் நான். வரிசை என்னவோ அன்றைக்குத்தான் நேராக நின்றது.