மாமி வாங்கிய பதக்கம்

எங்கள் மாமா ஓடிப்போனவர் என்றுதான் தெருவில் பேச்சு. அம்மாவின் அண்ணன் அவர். பட்டாளத்தில் இருந்தார், வடக்கே எல்லை மலையில் நடந்த சண்டையில் காணாமல் போனார். செத்தார் என்று தகவல் வந்திருந்தால் ஊரே கூடி அழுதிருக்கும். காணவில்லை என்று மட்டும் வந்ததால் மிச்சத்தை ஊரே சொல்லிக்கொண்டது. பாய் வீட்டுப் பிள்ளைதானே, அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருப்பான் என்று. எங்கள் முகத்துக்கு நேராக யாரும் இதைச் சொன்னதில்லை. திருவண்ணாமலைக்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள். நாங்கள் டீக்கடையைத் தாண்டிப் போகும்வரை பொறுத்திருந்துதான் பேசுவார்கள்.

மாமி எங்களோடு இருந்தாள். யாரிடமும் சண்டைக்குப் போகமாட்டாள். "வர்றப்ப வருவாரு" என்பாள். அவ்வளவுதான்.

நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிது. ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் காலை, கிரிவலக் கூட்டம் பஸ் ஸ்டாண்டை நோக்கி வடிந்துகொண்டிருந்தபோது, நெற்றி நிறையத் திருநீறோடு ஒருவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். ஒரு கால் பொய்க்கால். சுவரில் மாட்டியிருந்த மாமாவின் படத்தைப் பார்த்ததும் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். எங்கள் வீட்டில் அப்படி ஒரு காரியத்தை அதற்கு முன் யாரும் செய்ததில்லை. நான் அத்தாவின் லுங்கியைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் அவங்கூட ஒண்ணா இருந்தவன், தங்கச்சி. செஞ்சி பக்கம் நமக்கு" என்றார் மாமியிடம். "இத்தினி வருசமா எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வர்றதுன்னுதான் வரல."

பிறகு சொன்னார். மலைமேல் அவர்களுடைய காவல் இடத்தை எதிரிகள் வளைத்துக்கொண்டார்கள். இவர் காலில் குண்டு. மாமா தன் மப்ளரை அவிழ்த்துக் காலைக் கட்டிவிட்டு, மிச்சமிருந்த இரண்டு பேரிடம் இவரைத் தூக்கிக்கொண்டு இறங்கச் சொல்லியிருக்கிறார். பெரிய துப்பாக்கியின் பின்னால் தான் மட்டும் படுத்துக்கொண்டார்.

"நீங்க எறங்குங்கடா, பின்னாலயே வந்துடறேன்னான். பனியில நாங்க எறங்கிக்கினே இருக்கோம், மேல அவன் துப்பாக்கி சுட்டுக்கினே இருக்குது. அந்தச் சத்தம் கேக்குறவரைக்கும் ஒருத்தன் எங்க பக்கம் தலையத் தூக்கல."

"அப்புறம்?" என்றாள் மாமி.

"அப்புறம் நின்னுபோச்சி."

"நீங்க கண்ணால பாத்தீங்களாண்ணா?"

அவர் பொய்க்காலைத் தடவிக்கொண்டார். "பாக்கல, தங்கச்சி."

மாமி தலையை ஆட்டிவிட்டு டீ போட உள்ளே போனாள்.

அத்தா தயங்கித் தயங்கி ஊர்ப்பேச்சைச் சொன்னார். வந்தவர் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. கோலை ஊன்றிக்கொண்டு நேராகத் தெருவில் இறங்கினார். டீக்கடை முன்னால் நின்று வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கினார்.

"ஓடிப்போனானா? அவன் ஓடியிருந்தா நான் ஏதுடா? பாருங்கடா இத!"

டீ ஆற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. கூட்டத்துக்குப் பின்னால் நான் எம்பி எம்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் சிரித்துக்கொண்டிருந்த அந்த ஒல்லி மனிதர், ஒரு மலையையே தனியாகப் பிடித்து நிறுத்தியவர்! அன்றிலிருந்து அண்ணாமலையை அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் அதன் உச்சியில் மாமா படுத்திருப்பதாக நினைத்துக்கொள்வேன்.

செஞ்சிக்காரர் அதோடு விடவில்லை. தன்னைத் தூக்கி வந்த இரண்டு பேரையும் எங்கெங்கோ தேடிப் பிடித்தார். மூவருமாக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார்கள். நான் மூன்றாம் வகுப்புக்கு வந்தபோது, மாமாவுக்கு வீரப் பதக்கம் என்று செய்தி வந்தது. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் விழா.

மாமி வரமாட்டேன் என்றாள்.

"ஊரு வாய மூட இதவிட இன்னா வேணும் உனக்கு?" என்று அம்மா கத்தினாள். மாமி முறத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இவ்வளவு பெரிய பரிசை யாராவது வேண்டாம் என்பார்களா என்று எனக்கு அவள்மேல் கோபம்கூட வந்தது. கடைசியில் செஞ்சிக்காரர்தான் வந்து அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார், பொய்க்காலை நீட்டிக்கொண்டு.

"நீ வாங்கலன்னா அவன் ஓடிப்போனவனாவே இருந்துடுவான், தங்கச்சி."

மாமி முறத்தைக் கீழே வைத்தாள். "வர்றேண்ணா" என்றாள்.

விழாவில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். கலெக்டரும் நின்றார். மார்பு முழுக்கப் பட்டைகள் குத்திய ஒரு பெரிய அதிகாரி, முக்காடு போட்ட எங்கள் மாமிக்குச் சல்யூட் அடித்தார். மாமா செய்ததை மைக்கில் தமிழில் படித்தார்கள். "வீரமரணம் எய்திய" என்ற இடத்தில் மாமி கண்ணை மூடிக்கொண்டாள். வெயில் கூசுகிறது என்று நினைத்தேன்.

நாங்கள் ஆட்டோவில் திரும்பியபோது தெருமுனையில் பட்டாசு வெடித்தது. டீக்கடைக்காரர் ரோஜா மாலையோடு நின்றிருந்தார். மாமாவைச் சின்ன வயதிலிருந்தே தனக்குத் தெரியும் என்றும், அவர் இப்படி வருவார் என்று தான் அப்போதே சொன்னதாகவும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பதக்கத்தைத் தொட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். மாமி அதை என் சட்டையிலேயே குத்திவிட்டாள். "போய் எல்லாருக்கும் காமிச்சிட்டு வா, கண்ணு."

வீடு வீடாக ஏறினேன். பெரியவர்கள் எல்லாம் குனிந்து என் நெஞ்சைப் பார்த்தார்கள். உலகத்திலேயே பெரிய ஆள் நான்தான் என்று தோன்றியது.

திரும்பி வந்தபோது அம்மா மாமியைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். மாமி அழவில்லை. எங்களில் கல்யாணத்தன்று தாலி மாதிரி மாப்பிள்ளை வீட்டார் கட்டுகிற கருகமணி, மாமி குளிக்கும்போதுகூடக் கழற்றாதது, அவிழ்ந்து அவள் மடியில் கிடந்தது.

பதக்கம் வந்துவிட்டதே, இனி இந்தப் பழைய மணி எதற்கு என்று கழற்றிவிட்டாள் போல என்று நினைத்தேன். ஓடிப்போய் அவள் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்று, "எல்லாரும் பாத்துட்டாங்க மாமி, இனிமே நீயே போட்டுக்க" என்றேன்.