கறிவேப்பிலைக்கு வாங்கிய விளக்கு

நோர்வேயில், ஹவுகன்ஸ்டுவாவில் நான்காம் மாடியில் இருக்கிறது எங்கள் வீடு. மகள் வேலைக்காக ஸ்தவாங்கர் போனபிறகு அவளுடைய அறை சும்மா கிடந்தது. அதற்குள் ஒரு வருடமாக ஒரு கறுப்புத் துணிக் கூடாரம் நின்றது. அலுமாரியை விடக் கொஞ்சம் அகலம், முன்பக்கம் சிப். உள்ளே என் கறிவேப்பிலை மரம், அதன் தலைக்கு மேல் ஒரு எல்.ஈ.டி. விளக்கு. வீட்டுக்கு வந்த எல்லோரையும் கூட்டிக்கொண்டுபோய் அதைக் காட்டினேன். “மகன் செய்து தந்தவன்” என்று சொன்னேன். எத்தனை பேருக்குச் சொன்னேன் என்று நினைக்கும்போது இப்போதும் காது சூடாகிறது.

மகன் தாதியியல் படிக்கிறான். ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போவதற்குப் பொலிஸ் சான்றிதழ் கேட்பார்கள். அதில் குற்றம் என்று ஒரு வரி விழுந்தால் அவனுடைய படிப்பு அத்தோடு சரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஏன் இப்படிக் கத்துகிறேன் என்று யாரும் பிறகு கேட்கக்கூடாது.

இந்த நாட்டில் கறிவேப்பிலை வளர்ப்பது சின்ன விசயம் இல்லை. எல்லாத் தமிழ் வீட்டிலும் யன்னலோரம் ஒன்று நிற்கும். ஒக்டோபரில் இலை மஞ்சளாகும், கிறிஸ்மசுக்கு முன்னம் மொட்டை, பங்குனியில் வெறும் தடி. கோயிலில் பெண்கள் ஒருவரிடம் ஒருவர் நோயாளியை விசாரிப்பதுபோல் விசாரிப்போம். “உங்கட மரம் எப்பிடி? தளிர் விட்டிட்டுதோ?” எனக்கு ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு மரம் செத்தது. நான் யாழ்ப்பாணத்தில் தாவரவியல் படித்தவள். இங்கே பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சப்பாத்து மாட்டிவிடுகிறேன். படித்த படிப்பைப் பற்றி இந்த ஊரில் யாரும் ஒரு கேள்வி கேட்டது கிடையாது.

மகன் கேட்டான்.

“அம்மா, நீங்கள் பொட்டனி படிச்சனீங்கள்தானே. மரத்துக்கு வெளிச்சம்தானே காணாது? நான் ஒரு லைட் பூட்டித் தரட்டோ?”

கூடாரமும் விளக்கும் பெட்டிகளில் வந்திறங்கின. என் கணவர் பஸ் ஓட்டுநர். கரண்ட் செலவைத் தவிர வேறு எதுவும் அவர் கண்ணில் படாது. விளக்கைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, “இஞ்சை பாரும், சூடே இல்லை. ஒரு சதத்துக்கும் கூட இழுக்காது” என்று மெச்சினார். பழைய காலத்து விளக்காக இருந்திருந்தால் அந்தச் சூடாவது, அந்த பில்லாவது எங்களை எழுப்பியிருக்கும். இந்த விளக்கு சத்தமில்லாமல் குளிர்ந்து எரிந்தது. வீட்டுக்குள் ஒரு வெயில் இருந்தும் வீட்டுக்குத் தெரியவில்லை.

பிறகு காற்றாடியும் ஒரு பெரிய குழாயும் பூட்டினான். குழாயின் முனையில் வாளி மாதிரி ஒன்று.

“இது என்னடா?”

“கரி வடிகட்டி அம்மா. உள்ளுக்கு மணம் கூடும். கீழ்வீட்டு மனிசி திருப்பியும் ஏதும் சொல்லும். இது மணத்தைப் பிடிச்சிடும்.”

நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

ஏன் அழுதேன் என்பதைச் சொல்லவேண்டும். அவனுக்குப் பத்து வயதாக இருந்தபோது பள்ளியில் குளிர் ஜாக்கெட்டுகளை ஆணியில் கொழுவும் இடத்தில் இரண்டு பிள்ளைகள் அவன் ஜாக்கெட்டைப் பார்த்து மூக்கைப் பொத்தினார்கள். அழுதுகொண்டு வீட்டுக்கு வந்து, “அம்மா, என்ரை ஜாக்கெட்டை இனி ஹோலுக்குள்ளை கொழுவாதேங்கோ” என்றான். அன்றிலிருந்து நான் தாளிக்கும் முன்னர் எல்லோருடைய ஜாக்கெட்டுகளையும் படுக்கையறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துவேன். கதவின் கீழ் துவாயை உருட்டி வைப்பேன். கருவாடு பொரிப்பதென்றால் கீழ்வீட்டு நோர்வேஜிய மனுசி தன் மலைவீட்டுக்குப் போகும் நாளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவளுடைய கார் வெளிக்கிட்டால்தான் சட்டி அடுப்பில் ஏறும். இங்குள்ள எங்கள் ஆட்களின் வீடுகளில் இதெல்லாம் நடக்கும். ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டோம். என் பிள்ளை இதையெல்லாம் கவனித்துக்கொண்டே வளர்ந்திருக்கிறான், எனக்காக ஒரு வடிகட்டி வாங்கியிருக்கிறான் என்று நினைத்து அழுதேன்.

பறிக்காத கறிவேப்பிலை மணக்காது. விரலால் கசக்கினால்தான் மணக்கும். எனக்கா இது தெரியாது?

இன்னும் இருக்கிறது. இலையுதிர்காலத்தில் மரம் சோர்ந்தது. பார்த்தால் விளக்கு பாதி நாள்தான் எரிகிறது. “ஏன்டா நேரத்தைக் குறைச்சனீ?” என்று கேட்டேன். “மரமும் நித்திரை கொள்ளவேணும் அம்மா” என்றான். நானும் சிரித்தேன். பிறகு ஒரு நாள், செடியில் பூஞ்சணம் பிடித்தால் என்ன செய்வது என்று கேட்டான். நான் மேசையில் உட்கார்ந்து, காற்றோட்டம், ஈரப்பதன், இலையின் அடிப்பக்கம் என்று ஒரு விரிவுரையே நடத்தினேன். அவன் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். அவ்வளவு நல்ல மாணவனை நான் கண்டதில்லை. கூடாரத்தை மட்டும் நான் திறக்கக்கூடாது. “வெப்பம் மாறிப்போகும் அம்மா, நான் பறிச்சுத் தாறன்.” ஆட்களுக்குக் காட்டும்போதுகூட அவனே ஒரு பக்கத்தை மட்டும் திறப்பான்.

ஒரு சனிக்கிழமை மதியம் அவன் ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குப் போயிருந்தான். பக்கத்து புளொக்கில் தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். கணவரின் கணினி வேலைக்காக வந்தவர்கள். தன் வீட்டுப் பூசைக்குக் கறிவேப்பிலை கேட்டு வந்தாள்.

“ஒரு கொத்து போதும்க்கா. கடைல வாங்குனது கருகிப்போய் இருக்கு.”

“ஒரு கொத்தோ? வாரும், மரத்தையே பாரும்” என்று அறைக்குக் கூட்டிப்போனேன். சிப்பை முழுவதும் இழுத்துத் திறந்தேன். மரத்துக்குப் பின்னால் வெள்ளி நிறத்தில் ஒரு துணி தொங்கியது. அவள் எட்டி அதை விலக்கினாள்.

“அட, பின்னாடியும் வச்சிருக்கீங்களா?”

பின்னால் இடுப்பளவு உயரத்தில் செடிகள். விரல் விரலாய்ப் பிரிந்த இலைகள், நுனியில், பாதி நாள் இருட்டுக்காகவே காத்திருந்ததுபோல், பிசுபிசுப்பாய்ப் பூக்கள். துணி விலகியவுடன் ஒரு மணம் மூஞ்சியில் அறைந்தது.

“அக்கா… இது கறிவேப்பிலை இல்லையே.”

“ஓம், அது… தக்காளியாக்கும்” என்றேன். தாவரவியல் படித்த வாய்.

“தக்காளியா!” என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “எங்க ஊர்ப்பக்கம் போலீஸ் இதைப் புடிச்சு எரிப்பாங்கக்கா. டிவில காட்டுவாங்க.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, துணியைத் தானே பழையபடி இழுத்துவிட்டாள். “நான் ஒண்ணும் பார்க்கலக்கா.” கறிவேப்பிலையை நானே ஒடித்துக் கொடுத்தேன். ஒரு கொத்துக் கேட்டவளுக்கு நாலு கொத்து.

கணவருக்குப் போன் அடித்தேன். பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வந்தார். பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, “ஆருக்குத் தெரியும்?”

பிள்ளை ஏன் செய்தான் என்று கேட்கவில்லை. இனி என்ன செய்வது என்று கேட்கவில்லை. ஆருக்குத் தெரியும். அந்தக் கேள்விக்காக நான் அவரோடு இன்னும் சரியாகக் கதைக்கவில்லை.

மகன் மூன்று மணிபோல வந்தான். கூடாரம் திறந்திருப்பதை ஹோலில் நின்றே கண்டான். ஜாக்கெட்டைக் கழற்றாமல் அங்கேயே நின்றான்.

“எனக்குத்தான் அம்மா. நித்திரை வாறேல்லை. டியூட்டி முடிஞ்சு வந்தாலும் தலைக்குள்ளை ஓடிக்கொண்டிருக்கும்.”

“வித்தனியோ?”

“இல்லை.”

“ஆருக்கும் குடுத்தனியோ?”

“கூட்டாளி ரெண்டு பேருக்கு. சும்மா.” பிறகு குரலை உயர்த்தினான். “இது அவ்வளவு பெரிய விசயம் இல்லை அம்மா. பெரியம்மாட மகன் ரொறன்ரோவிலை சட்டப்படி கடையிலை வாங்குறான்!”

“நீ ரொறன்ரோவிலையோ இருக்கிறாய்? பெரியம்மாட மகன் தாதி வேலைக்கோ படிக்கிறான்? பொலிஸ் வந்து கதவைத் தட்டினால் கனடா எண்டு சொல்லிக் கடவுச்சீட்டைக் காட்டுவியோ?”

“கத்தாதேங்கோ அம்மா, கீழை கேக்கும்.”

“கேக்கட்டும்! வடிகட்டி சத்தத்தையும் பிடிக்காதோ?”

அவன் குனிந்துகொண்டான். அப்போதுதான் எனக்கு உண்மையில் வெறி பிடித்தது. கஞ்சாவுக்காக மட்டும் இல்லை. என்னை ஏமாற்ற அவன் புதிதாக ஒரு பொய்யும் தேடவில்லை. கதவின் கீழ் துவாயை உருட்டி வைக்கும் தாய், மணம் என்ற ஒரு சொல்லுக்கு என்னவும் நம்புவாள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. பத்து வயதில் அழுதுகொண்டு வந்தானே, அந்த அழுகையையே எடுத்து எனக்கு விற்றிருக்கிறான்.

“கத்தரிக்கோலை எடு” என்றேன். “நீதான் வெட்டவேணும். இப்பவே.”

காற்றாடியை நிறுத்திவிட்டு வெட்டத் தொடங்கினான். வெட்ட வெட்ட அந்த மணம் பெருகியது. அறையை நிறைத்து ஹோலுக்கு வந்தது. கணவர் சாம்பிராணி கொளுத்தினார்; அதையும் மீறிக்கொண்டு வந்தது. வாசல் கதவைத் திறந்து தலையை நீட்டினேன். படிக்கட்டிலும் மணத்தது. கீழ்வீட்டு மனுசியின் கார் கீழே நின்றது. அவள் மூக்கைப் பற்றி எனக்குத் தெரியும். ஒரு தொலைபேசி அழைப்பு போதும். மகனுடைய வெள்ளைச் சீருடை குளியலறையில் காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தேன்.

நேரே குசினிக்குப் போய் உறைபெட்டியின் அடியில் இருந்த கருவாட்டை எடுத்தேன். பெரிய தாச்சியில் எண்ணெய் விட்டேன். புகை உறிஞ்சியைப் போடவில்லை. குசினிக் கதவையும் வாசல் கதவையும் அகலத் திறந்துவிட்டு, இருந்த கருவாடு முழுவதையும் ஒரேயடியாகப் போட்டேன். மேலே செத்தல் மிளகாய், வெங்காயம், கையால் உருவிய கறிவேப்பிலை. வீடு இருமியது. கணவர், “உமக்கென்ன விசரே?” என்று கத்தினார். நான் அகப்பையைத் தூக்கிக் காட்டினேன். பேசாமல் போய் மகனுக்குப் பை பிடித்துக் கொடுத்தார்.

அவள் ஏறி வந்துவிட்டாள். வாசலில் மூக்கில் கைலேஞ்சியோடு நின்றாள். நாங்கள் கதைத்தது நோர்வேஜிய மொழியில்.

“என்ன சமைக்கிறீர்கள்? படிக்கட்டு முழுக்க நாறுகிறது.”

“மீன்.”

“மீனா?”

“காயவைத்த மீன். நீங்களும் காயவைக்கிறவர்கள்தானே.”

அவள் மூக்கை ஒருமுறை தூக்கி மோந்தாள். “வேறு ஏதோவும் சேர்ந்து மணக்கிறதே.”

எனக்குப் பின்னால் அறைக்குள் கத்தரிக்கோல் சத்தம் நின்றது.

“மிளகாய்” என்றேன். “உள்ளே வாருங்கள், ஒரு துண்டு சாப்பிட்டுப் பாருங்கள்.”

அவள் வேண்டாமென்று கையை ஆட்டிவிட்டு இறங்கினாள். இந்த மாடிப்படியில் நான் எத்தனையோ தரம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். கேட்கும்படி எதுவும் செய்யாதபோதும் கேட்டிருக்கிறேன். அன்றைக்குக் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டிய ஒரே நாள் அதுதான்.

வெட்டியதை என்ன செய்தோம் என்பதை எழுதமாட்டேன். எங்கள் வீட்டில் இல்லை, அவ்வளவுதான். கூடாரமும் வடிகட்டியும் போயின. விளக்கையும் மரத்தையும்கூட எறியச் சொன்னார் கணவர். மரம் ஒரு குற்றமும் செய்யவில்லை என்று சொன்னேன். இப்போது அது இருப்பறை யன்னலில் நிற்கிறது, தலைக்கு மேல் அந்த விளக்கோடு, எல்லோருக்கும் தெரியும்படி.

மறுநாள் காலை மகன் பயிற்சிக்கு வெளிக்கிட்டான். அவன் ஜாக்கெட் ஹோலிலேயே தொங்கியிருந்தது. அவன் கழற்றிய இடத்தில், எல்லாப் புகையையும் குடித்துக்கொண்டு. ஜாக்கெட்டின் கையை மோந்து பார்த்தான்.

“அம்மா, இதைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகேலாது. கருவாடு மணக்குது.”

“மணக்கட்டும். இந்த மணத்துக்குப் பொலிஸ் வராது.”

குளிர் கடுமையாக இருந்தது. வேறு ஜாக்கெட் படுக்கையறையில் இருந்தது, நான் வழிவிடவில்லை. போட்டுக்கொண்டு போனான். பல்கனியில் நின்று, அவன் ரயில் நிலையத்துப் பக்கம் திரும்பும்வரை பார்த்தேன்.

அந்தப் பயிற்சி முடிந்துவிட்டது. படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. வித்தனியோ என்று கேட்டதற்கு அவன் அன்று “இல்லை” என்று சொன்னது உண்மையா என்று எனக்குத் தெரியாது. தமிழ்நாட்டுப் பெண் கடையில் கண்டால் பிள்ளைகளைப் பற்றி, பனியைப் பற்றியெல்லாம் கதைக்கிறாள். கறிவேப்பிலை மட்டும் கேட்பதில்லை. லிப்ட் எங்கள் மாடியில் நின்றால் நான் செய்துகொண்டிருப்பதை நிறுத்திவிட்டுக் கதவைப் பார்க்கிறேன்.

அவன் வீட்டுக்கு வந்ததும் ஜாக்கெட்டைத் தன் அறைக்குள் கொழுவிக் கதவைச் சாத்துகிறான். தாளிக்க அடுப்பைப் பற்றவைக்கும் முன்னர் நான் போய் அதை எடுத்துவந்து ஹோலில் கொழுவுகிறேன். அவன் பார்த்துக்கொண்டிருப்பான். பிறகு கடுகைப் போடுவேன், எல்லாக் கதவும் திறந்திருக்க.