முள்ளில் மாட்டிய சீலை

கம்பைநல்லூருக்கு முன்னால் பஸ் பஞ்சராகி நிற்கிறது. ஒரு மணி நேரமாகும் என்கிறார் கண்டக்டர். புதுத் தூண்டில் கோலை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு இறங்குகிறேன். ஊட்டி போய்ச் சேர்வதற்குள் வீசப் பழகிவிட வேண்டும். அங்கே மீன் பிடிக்கக் கூப்பிட்டிருக்கும் நண்பன் முன்னால் மானம் போகக் கூடாது.

அவன் இன்லண்ட் லெட்டரில் பாடமே எழுதியிருக்கிறான்: 'புழு வேண்டாம். தூண்டில் முள்ளில் இறகால் ஈ மாதிரி கட்டியிருக்கும். கோலைப் பின்னால் வீசு. திரும்பிப் பார். தூண்டில் நரம்பு முழுசாக நீண்ட பிறகே முன்னால் வீசு.'

நான் எங்கே திரும்பிப் பார்க்கிறேன்? என் கண்ணெல்லாம் தண்ணீரில். நரம்பு சாட்டை மாதிரி சொடுக்குகிறது, காலைச் சுற்றுகிறது. முப்பதாவது வீச்சோ என்னவோ, பின்னால் எதிலோ மாட்டிக்கொள்கிறது. எரிச்சலில் வெடுக்கென்று இழுக்கிறேன். புதரில் காய்ந்துகொண்டிருந்த பச்சைச் சீலை கிழிந்து மண்ணில் விழுகிறது.

"எவ இதை இங்க காயப்போட்டது?" வாய்விட்டே திட்டுகிறேன்.

"நாந்தாங்க." பாறைக்கு அந்தப் பக்கம், தண்ணீருக்குள்ளிருந்து ஒரு பெண்குரல். "இது பொம்பளைங்க குளிக்கற தொறைங்க சார். நீங்க வந்ததுல இருந்து தண்ணியிலயே கெடக்கறேன். மாத்திக்க அந்த ஒரு சீலைதாங்க."

குரல் குளிரில் நடுங்குகிறது.

"தெரியாம... மீன் பிடிக்கலாம்னு..."

"கல்லு மேல வெச்சிட்டுப் போங்க சார். திரும்பிப் பாக்காதீங்க."

அவசரத்தில் நரம்பைப் பல்லால் கடித்து அறுத்து, சீலையைக் கல்மேல் வைத்துவிட்டு, திரும்பாமல் மேடேறுகிறேன்.

பஸ் கிளம்பிய பிறகுதான் நரம்பின் நுனியைப் பார்க்கிறேன். முள் அவள் உடுத்தப்போகும் அந்தச் சீலையிலேயே இருக்கிறது. நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.