வெள்ளை அங்கியும் ஒரு கரண்டித் தண்ணீரும்

போன மாதம் எனக்கு ஒரு பதவி வந்தது. திண்டிவனம் கோர்ட்டில் குமாஸ்தா வேலை பார்க்கிறவனுக்குப் பதவியா என்று சிரிக்காதீர்கள். எங்கள் சபைக்கு நான் இப்போது லே ரீடர்!

குருவானவர் விழுப்புரத்தில் இருக்கிறார். சுற்றுவட்டாரச் சபைகள் எல்லாம் அவர் ஒருவர் தலையில். அவர் வராத ஞாயிறுகளில் நான் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு ஜெபம் வாசிக்கலாம், பிரசங்கம் செய்யலாம். அவசரமென்றால் அடக்க ஆராதனையும் நடத்தலாம். அப்பமும் திராட்சரசமும் எடுத்து நற்கருணை கொடுப்பது மட்டும் கூடாது. பிஷப்பின் உத்தரவு அப்படி.

அங்கியைக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்தாள் என் மனைவி. "கல்யாணத்தன்னிக்குக்கூட உங்களுக்கு இவ்வளவு மிடுக்கு இல்லே" என்றாள். அந்த மிடுக்கு ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.

சென்ற வாரம் பிரம்மதேசம் கிராமத்துப் பக்கமிருந்து எங்கள் சபை எஸ்தர் அம்மாள் தன் தம்பியை அனுப்பி என்னைக் கூப்பிட்டாள். அவள் புருஷன் சாமுவேல் சாகக் கிடந்தார். மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கும் கூலி வேலை செய்தே தேய்ந்த மனிதர். சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன்.

வீட்டைச் சாணம் போட்டு மெழுகி, ஒரு பெட்டியின் மேல் வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்தாள் எஸ்தர். கோயில் நற்கருணை மேஜை போலவே இருந்தது.

"நற்கருணை வாங்கிக்கினுதான் கண்ண மூடுவேன்னு புடிவாதமா இருக்காருங்க ஐயா. ஜல்தியா குடுத்துடுங்க."

"எனக்கு அதிகாரம் இல்லையேம்மா... குருவானவருக்குச் சொல்லி அனுப்பலையா?"

"அதான் நீங்க வந்துட்டீங்களே! ஞாயித்துக்கிழம குருவானவரு போடற அதே வெள்ள அங்கி போட்டுக்கினு நீங்கதானே நின்னீங்க?"

யார் அங்கி எதற்கு என்று அதில் எழுதியா ஒட்டியிருக்கிறது? குருவானவரை அழைத்துவரத் தம்பியை அப்போதே விழுப்புரத்துக்கு விரட்டினேன். ஆனால் பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடும் இந்த யுத்தகால பஸ்ஸை நம்பி சாவோடு பந்தயம் கட்ட முடியுமா?

சாமுவேல் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபம் வாசித்தேன். சங்கீதம் வாசித்தேன். அவர் பார்வை கையை விட்டு நகரவே இல்லை. மதியம் நாக்கு உலர்ந்து வாயைத் திறந்தார். கரண்டியில் தண்ணீர் மொண்டு விட்டேன் — வெறும் பானைத் தண்ணீர். விழுங்கிவிட்டுக் கண்ணை மூடி, நற்கருணை வாங்கினவர் சொல்வதுபோல "ஆமென்" என்றார்.

நான் திருத்தவில்லை. எப்படித் திருத்துவேன், சொல்லுங்கள்? வெளியே வந்து அழுதேன்.

பொழுது சாய்வதற்குள் உயிர் போய்விட்டது. மறுநாள் வெயில் ஏறியும் குருவானவரைக் காணோம்... பஸ் வழியில் நின்றுவிட்டதாம். இனிமேல் வைத்திருக்க முடியாது என்றார்கள் உறவினர்கள். அங்கியை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

குழியருகே நின்று புத்தகத்தைப் பிரித்தபோது எஸ்தர் என் பக்கத்தில் வந்தாள். அவள் குரலில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. நிஜமான பயம்தான்.

"இதுக்காவது உங்களுக்கு உத்தரவு இருக்குதுங்களா ஐயா?"

இருக்கிறது, வாசகர்களே. நற்கருணைப் பசியோடு போனவரைப் புதைக்க மட்டும் எனக்குத் தாராளமாக இருக்கிறது.