உள்காதுக் கட்டுரையும் எம். புதுப்பட்டி வாசகரும்

சிவகாசி வட்டாரத்துக்கு அறிவியல் பக்கம் எழுதுவது மழைநாளில் வெடி காயப்போடுவது மாதிரியான தொழில். எழுதி மாட்டிக்கொண்ட சகாக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பெரிய படம்

இரண்டாயிரங்களில் ஒருநாள் உள்காது பற்றி எழுதினேன். உடம்பின் எல்லாச் செல்லிலும் ஒரே மரபணுக்கள்தான். அவற்றின் மேல் ஒட்டும் வேதிக்குறிகள் சிலவற்றைத் திறந்தும் சிலவற்றை மூடியும் வைப்பதால்தான் கருவில் ஒரு செல் காதாகிறது, இன்னொன்று தோலாகிறது. சத்தத்தைப் பிடிக்கும் செல்கள் அழிந்தால் கோழிக்குத் திரும்ப முளைக்கும். நமக்கு அந்த வழி மூடிப்போகிறது.

பத்திரிகையில் படமும் எழுத்தும் அடுக்கிப் பக்கம் கட்டுகிறவர் படித்துவிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, இத எவனும் படிக்க மாட்டான். கோழி படத்தப் பெருசாப் போட்டிருக்கேன்."

தலைக்கறி

படத்தைப் பார்த்துவிட்டு ஆபீசுக்கு என்னைத் தேடி வந்தவர் எம். புதுப்பட்டி மாரியப்பன். பட்டாசுக் கம்பெனியில் ஒவ்வொரு லோடிலும் ஒரு வெடியை வெடித்துச் சத்தம் பார்ப்பது அவர் வேலை. அதில் காது பாதி போய்விட்டது. திரும்ப முளைக்கட்டும் என்று தினமும் கோழித்தலை தின்றுகொண்டிருந்தார். தின்றால் முளைக்காது என்றேன். கூட வந்த மனைவி செல்வி அதை அவர் காதில் கத்தினார்.

"எங் காது போகட்டும். இவ வயித்துல இருக்கிற பிள்ளைக்கும் இப்படி ஆயிருமா?" என்றார்.

வெடிச் சத்தத்தில் போன காது பிள்ளைக்கு இறங்காது என்று உறுதி சொன்னேன். அதையும் கத்திவிட்டுச் செல்வி சேர்த்துக்கொண்டார்: "இனிமே தலைய விட்டுட்டுக் கறியா வாங்கிட்டு வாங்க. நானும் திம்பேன்ல."

சோதனை

பெண் பிறந்தது. வீட்டுக்குப் பக்கத்துக் கம்பெனியில் வெடி போட்டால் பிள்ளை அசையாமல் தூங்குகிறது என்று மாரியப்பன் போன் செய்தார். உறுதி சொன்னவன் நான். விருதுநகர் காது டாக்டரிடம் கூடவே போனேன்.

டாக்டர் பிள்ளையின் காதில் சின்னக் கருவியை வைத்துப் பார்த்தார். இரண்டு காதும் நன்றாக இருந்தன. வயிற்றில் இருக்கும்போதே கேட்டுப் பழகிய சத்தம், அதனால் தூங்குகிறாள் என்றார். மாரியப்பன் நம்பவில்லை. அந்நேரம் செல்வியின் கை பட்டு மேசையில் இருந்த எவர்சில்வர் டம்ளர் தரையில் விழுந்தது. பிள்ளை தூக்கிப்போட்டு வீறிட்டது.

மாரியப்பனுக்கு டம்ளர் விழுந்ததே தெரியாது. பிள்ளை ஏன் அழுகிறது என்று கேட்டார். டம்ளர் விழுந்த சத்தத்தில் அழுகிறாள் என்று செல்வி அவர் காதருகே குனிந்து உரக்கச் சொன்னார். மாரியப்பன் டம்ளரை எடுத்து மனைவியிடம் நீட்டினார்: "இன்னொருக்கா போடு. நான் பாக்கணும்."

பத்திரிகையில் இத்தனை வருஷம் எழுதியதில் வாசகர் முன்னால் நிரூபணமானது அந்த ஒரு விஷயம்தான், அதுவும் என் எழுத்தால் அல்ல.