எல்கடுவயிலிருந்து மாத்தளைக்கு, தர்ஷினியின் இடுப்பு மூட்டோடு

மாத்தளைக்கு வடக்கே இருக்கும் நாலந்தா கெடிகே என்ற பழைய கற்கோவிலைப் பார்க்கத்தான் கடந்த ஏப்ரலில் எல்கடுவ போனேன். தங்கச்சி செல்வி அங்கே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். அவளுடைய ஆறு வயது மகள் தர்ஷினியையும் கூட்டிக்கொண்டு போவதாகத் திட்டம். இந்தப் பயணப் பதிவில் கெடிகே படம் தேடி வந்தவர்கள் மன்னிக்கவும், நாங்கள் போய்ச் சேர்ந்தது மாத்தளை ஆஸ்பத்திரிக்கு.

காலையில் தர்ஷினி கட்டிலை விட்டு இறங்கவில்லை. வலது காலை மடக்கி வைத்தபடி அழுதாள். உடம்பு கொதித்தது. முந்தாநாள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னாலுள்ள மேட்டிலிருந்து விழுந்திருந்தாள். விழுந்த கால் என்றால் தோட்டத்தில் மறுபேச்சே கிடையாது, சுளுக்குத்தான். சுளுக்கு வழிக்கிற அடுத்த லயத்து ராமையா அண்ணன் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தும்விட்டார். வழித்து முடித்ததும் பத்து மணி பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று நானும் கணக்குப் போட்டேன்.

செல்வி குறுக்கே நின்றாள்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. சுளுக்குன்னா காய்ச்சல் எதுக்கு வருது? டாக்டர் பாக்காம கால்ல கை வைக்க வேணாம்."

"என் கை பட்டு நடக்காத புள்ள உண்டா?" என்றார் அவர்.

"இல்லதான். ஆனா இவளுக்கு வேணாம்."

பெரியவர் ஒருவரிடம் முகத்துக்கு நேரே இப்படிச் சொல்வது லேசான காரியமில்லை. நாளைக்கு ஓர் ஆபத்து என்றால் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும். தெரிந்துதான் சொன்னாள்.

த்ரீவீல் பிடித்தோம். மாத்தளைக்கு ஏறத்தாழப் பதினைந்து கிலோமீற்றர், முழுக்க வளைவு. முக்கால் மணி நேரம், இரண்டாயிரம் ரூபாய். ஒவ்வொரு குழியிலும் பிள்ளை அலறினாள். "மெதுவாவே போறேங்க. நீங்க காலை மட்டும் அசையாம புடிச்சுக்கங்க," என்றார் டிரைவர்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது. டாக்டருக்கு அப்படியில்லை, ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கலாமாம். இரத்தம் எடுத்து, ஸ்கேன் செய்ததில் இடுப்பு மூட்டுக்குள் நீர் கோத்திருந்தது. மாலையே ஆபரேஷன் தியேட்டரில் மூட்டைத் திறந்தார்கள். உள்ளே சீழ். கழுவி, சீழைப் பரிசோதனைக்கு அனுப்பி, ஊசி வழியாக மருந்து ஏற்றத் தொடங்கினார்கள்.

"கிருமி இரத்தத்தோட வந்து மூட்டுல உக்காந்திருக்கு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா மூட்டு அரிச்சுப் போயிருக்கும், காலம் பூரா நொண்டியிருப்பா," என்றார் டாக்டர். "யாரு இவ்வளவு சீக்கிரம் தூக்கிட்டு வந்தது?"

நான் செல்வியைக் காட்டினேன். எத்தனையோ மலை ஏறிப் படம் போட்டிருக்கிறேன். 'இவள் என் தங்கச்சி' என்று அந்த வார்டில் சொன்னபோது வந்த பெருமை எந்த உச்சியிலும் வந்ததில்லை.

இதே பாதையில் போக நேர்கிறவர்களுக்கு: காய்ச்சலோடு பிள்ளை கையையோ காலையோ அசைக்க மறுத்தால் எண்ணெய் போட்டு இழுக்காதீர்கள். வீட்டில் மிச்சமிருக்கும் சிரப் போன்ற பாணி மருந்தையும் கொடுக்காதீர்கள், நோய் மறைந்துகொள்ளும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கலாம் என்பதால் பிள்ளை கடைசியாக எப்போது சாப்பிட்டது என்று தாதி கேட்பார், நினைவில் வையுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியத்துக்குக் காசில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் வாரக்கணக்கில் மருந்து உண்டு, வலி போய்விட்டதென்று நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

ஜூனில் கிளினிக்கில் டாக்டர் நடந்து காட்டச் சொன்னார். தர்ஷினி வராந்தாவின் கோடிவரை ஓடினாள்.

"ஓடக்கூடாது பாப்பா, விழுந்துருவ," என்று ஒரு தாதி அதட்டினார்.

அத்தனை நாளும் கண் கலங்காத செல்வி அப்போதுதான் அழுதாள்.

"ஓடட்டும் மிஸ்," என்றாள். "ஓடட்டும்."