வெள்ளையடித்த சுவர்

பொன்னேரியில் எங்கள் மாடி அறையில் தனியாகக் குடியிருந்த கணக்குப் பேராசிரியர், காகிதம் போதாமல் சுவரெல்லாம் பென்சிலால் கணக்கு எழுதுவார். "இன்னா சார், ஊட்ட இப்படி நாசம் பண்றீங்க?" என்று தினமும் கத்துவேன்.

ஒரு காலை சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார். "முடிஞ்சிடுச்சும்மா, வந்து பாருங்களேன்."

"அடுப்புல வேலை கீது சார்."

மறுநாள் மாரடைப்பில் போய்விட்டார். சாவு விழுந்த அறைக்கு வெள்ளையடிக்காமல் யார் குடிவருவார்கள்? கும்மிடிப்பூண்டி கம்பெனி ஆட்களுக்கு விடும் அவசரத்தில் அந்த வாரமே அடித்துவிட்டேன்.

பிறகுதான் வெளிநாட்டிலிருந்து அவருடைய மாணவி வந்தாள். அவர் கணக்குகளை உலகமே படிக்கிறதாம். வெள்ளைச் சுவரைத் தடவியபடி கேட்டாள்: "கடைசிக் கணக்கை முடிச்சிட்டாராம்மா?"

"முடிச்சிட்டாரும்மா. பாக்கக் கூப்ட்டாரு. நான்தான் போவல."

இப்போதெல்லாம் யார் எதைக் காட்டக் கூப்பிட்டாலும், அடுப்பை அணைத்துவிட்டுப் போகிறேன்.